தேரன்றைக்குத் தள்ளிவைத்த பெயர்கள்

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது டாக்டர் கிருபாபாயின் பல் ஆஸ்பத்திரி. செங்குத்தாகப் பதினான்கு படி. பல்வலியோடு ஏறுகிறவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, வலி குறைந்த மாதிரி இருக்கிறதே, திரும்பிவிடலாமா என்று யோசிப்பார்கள். அந்த நேரம் பார்த்து மேலே கதவோரம் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். ஒன்றும் சொல்லாது. பார்க்கும், அவ்வளவுதான். பார்த்துவிட்டார்களே என்ற வெட்கத்தில் மிச்சப் படியையும் ஏறிவிடுவார்கள்.

அந்த முகம் சீனியம்மாளுடையது. டாக்டரம்மாவைத் தவிர அங்கே வேலை பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

சொந்த ஊர் சத்திரப்பட்டி. ஊரெல்லாம் தறி, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற காயக்கட்டுத் துணி நெய்கிற தறி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அவளும் தறிக்குப் போனாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்து, மறுபடியும் தறிக்கே போனாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இளைப்பு வந்துவிட்டது. எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாள், துணி பண்டலைச் சுமந்துகொண்டு அந்தப் பதினான்கு படியும் ஏறி வந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "இனிமே தறிப் பக்கம் போகாத. இங்கேயே இருந்துக்கோ" என்றார். இருந்துகொண்டாள்.

ஒன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் வேலையெல்லாம் அவள் மண்டைக்குள்தான் இருந்தது. யாருக்கு எந்தப் பல் எடுத்தது, யார் வேர் சிகிச்சைக்கு மூன்றாவது தடவை வரவேண்டும், யாருக்கு ஊசி போட்டால் மயக்கம் வரும், எதையும் எழுதிவைக்க மாட்டாள். கேட்டால் சொல்லுவாள், அதுவும் தரையைப் பார்த்து.

இதில் பெரிய வேலை சோப்பு டப்பா வேலை. பல் செட் செய்கிற மெக்கானிக் சோணைமுத்து இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். இங்கே ஆளின் வாயில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் மாவில் வார்த்து, காய்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து, மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி, காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுக்கவேண்டும். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிக் கொடுப்பார். வாரம் பத்து நாள் கழித்து அதே டப்பாவில் பல் சிரித்துக்கொண்டு திரும்பி வரும்.

தொண்ணூற்றாறாம் வருஷக் கடைசியில், தங்கை வேலுத்தாய் மகளுக்குக் காதுகுத்து என்று சீனியம்மாள் இரண்டு நாள் லீவு போட்டாள். அந்த இரண்டு நாளில் இரண்டு டப்பா மாறிவிட்டது. மிலிட்டரியில் இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் முத்துராமலிங்கத்தின் பல் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடமும், ஜவுளிக்கடைக்காரர் பல் ஹவில்தாரிடமும் போய்விட்டன. ஜவுளிக்கடைக்காரர் மறுநாளே ஓடிவந்தார். ஹவில்தார் மட்டும் வரவே இல்லை. ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஐயா, இது உங்க பல்லு இல்லையே" என்றாள் சீனியம்மாள், அவர் வாயைத் திறந்ததுமே.

"நானும் அப்பிடித்தான் சந்தேகப்பட்டேன். ஆனா மிலிட்டரியில பூட்ஸும் இப்பிடித்தான் குடுப்பான். அளவு சேரலைன்னா பூட்ஸை மாத்த மாட்டான், காலை மாத்திக்கோம்பான். வாயும் பழகிரும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஹவில்தார் போன பிறகு, "ஏட்டி சீனி, நீ ரெண்டு நாள் இல்லைன்னா ஊர்ப் பல்லு பூரா மாறிப் போகுது. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்" என்றார்.

டாக்டரம்மாவின் தம்பி பொன்னுராஜ், கிருஷ்ணன்கோவில் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர், இந்த மாதிரி ஒரு பேச்சுக்காகத்தான் வெகுநாளாகக் காத்திருந்தார்.

"கிருபாக்கா, ஒரு மனுசி மண்டையில இருக்கிறதை அப்பிடியே மிஷின்ல ஏத்திரலாம். நானே புரோகிராம் எழுதித் தாரேன்."

பொங்கல் கழிந்து கம்ப்யூட்டர் வந்தது. சாக்கு சுற்றி, அம்பாசிடர் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு பிரிண்டரும், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாள் ஒரு பெட்டியும். சுவரோரம் மேஜை போட்டு, பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்ததால், உட்காருகிறவர் சுவரைப் பார்க்கிற மாதிரி அதை வைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரம்மா சீனியம்மாளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அப்படி உட்காரச் சொன்னதே இல்லை.

"கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்ச பிள்ளை ஒண்ணு வேலை கேட்டு ரெண்டு தரம் வந்துட்டுப் போயிருக்கு. ரெண்டு பேரை வச்சுக்கிட எனக்கு முடியாது. உன்னை விடவும் மனசில்லை. நீ பழகிப் பாரு. ஆடி வரைக்கும் போகட்டும், ஆவணி ஒண்ணாம் தேதி முடிவு பண்ணிக்கிடுவோம்."

சீனியம்மாள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது வேலுத்தாய் தறித் தூசியைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். "பொட்டியில என்னத்தை வேணும்னாலும் அடிச்சுக்கோக்கா. தறிக்கு மட்டும் திரும்ப வந்துராத. நீ இளைக்கிற சத்தத்துல என் பிள்ளைக முழிச்சுக்கிடுதுக" என்றாள். அக்கறையை அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

பழகுவது லேசாக இல்லை. ஏபிசிடி சீனியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். கீபோர்டுக்குத்தான் தெரியவில்லை.

"தம்பி, ஏ பக்கத்துல எஸ் இருக்கு. பி எங்கேயோ கீழே கெடக்கு. இதைச் செஞ்சவங்க பள்ளிக்கூடம் போகலையா?"

"போயிருக்காங்கக்கா. வேணும்னேதான் கலைச்சுப் போட்டிருக்காங்க."

"வேணும்னு யாராவது கலைப்பாகளா?"

பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே அடுத்த கீயைக் காட்டினார். நல்ல வாத்தியார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: ஆளின் பெயர், செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதியில். காலையில் பி-யை அழுத்தினால் அன்றைக்குத் தேதி போட்ட வேலைகள் மட்டும் பிரிண்டரில் வரும். அன்றைக்கு முடியாத வேலையை எம்-மை அழுத்தி வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், முதலில் போட்ட தேதியும் ஓரத்தில் இருக்கும். முடிந்த வேலைக்கு டி.

"டி அழுத்தினா ஒரு கேள்வி கேட்கும். ஒய் குடுங்க. அந்த வரி போயிரும். சாயங்காலம் ஸ்கிரீன் காலியா இருந்துச்சுன்னா அன்னிக்கு வேலை பூரா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

முதல் நாள் சாயங்காலம் முதல் வரி சோலைச்சாமியுடையது. கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டிய ஆள், பிடுங்கியாகிவிட்டது. சீனியம்மாள் டி-யை அழுத்தினாள். ஸ்கிரீனில் இங்கிலீஷில் கேள்வி வந்தது: டெலீட் சோலைச்சாமி?

"தம்பி, டெலீட்னா?"

"அழிக்கிறதுக்கா."

சோலைச்சாமி எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். வாயில் பஞ்சைக் கடித்தபடி, தன் பெயர் கம்ப்யூட்டரில் வந்திருக்கிற பெருமையில், அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

அவளுக்குக் கை நின்றுவிட்டது. அப்பா செத்த மாதம் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான். கடையில் இருந்தவர் ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவால், அப்பா பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். பெயரை அடிப்பது என்றால் அவர்கள் வீட்டில் அதுதான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் தப்பாக விழுந்துவிட்டால்கூட அடிக்க மாட்டார்கள். மேலே தாள் ஒட்டுவார்கள். இங்கே மனிதர் உயிரோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

என்-னை அழுத்தினாள்.

பொன்னுராஜ் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு நெடுநேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாளே, பெயரை அழிக்க என்னால் ஆகாது என்று சொன்னால், சென்டர் பிள்ளை மறுநாள் படியேறி வந்துவிடும். யோசித்து யோசித்து எம்-மை அழுத்தினாள். தேதி கேட்டது. சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினாள். ஆகஸ்டில் ஒரு நாள் சிவப்பாக இருந்தது: ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேர். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் எதுவும் திறந்திருக்காது, ஆஸ்பத்திரியும் லீவு. லீவு நாளில் யாரும் பி-யை அழுத்தப் போவதில்லை. அந்த நாளில் போட்டு வைத்த பெயர் தாளில் வரவே வராது, அழிந்தும் போகாது.

சோலைச்சாமியைத் தேருக்கு அனுப்பினாள். ஸ்கிரீன் காலியானது.

அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. தினமும் சாயங்காலம், முடிந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேருக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவாள். டாக்டரம்மாவுக்கு ஒரே திருப்தி. காலையில் தாள் வரும், அதன்படி வேலை நடக்கும், டப்பா மாறவில்லை. பங்குனியில் வேலுத்தாய் மகளுக்கு அம்மை போட்டுச் சீனியம்மாள் நான்கு நாள் வராதபோதும் தாளை வைத்துச் சமாளித்துவிட்டார். "மிஷின் நல்ல மிஷின்தான்" என்று தம்பியிடம் ஒப்புக்கொண்டார். சீனியம்மாளுக்கும் மண்டைப் பாரம் குறைந்தது. எதையும் நினைவு வைக்க வேண்டியதில்லை, தாள் சொல்லும். தறிச் சத்தம் கனவில் வருவதுகூட நின்றுவிட்டது.

ஆடிப்பூரம் வந்தது. மாம்பழக் கலர் சேலை கட்டி, பூ வைத்து, வடம் பிடிக்கப் போகலாம் என்று வேலுத்தாயோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே டாக்டரம்மா வீட்டு வாட்ச்மேன் அவளைத் தேடிப் பிடித்தார். செத்த நேரம் ஆஸ்பத்திரியைத் திறந்து கூட்டி வைக்கணுமாம், ஆள் வாராகளாம்.

வந்தது சிவகாசியிலிருந்து ஒரு பல் டாக்டர். பருத்த மனிதர், படியேறி வந்து உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பொன்னுராஜின் புரோகிராமைப் பார்த்து, பிடித்திருந்தால் தன் ஆஸ்பத்திரிக்கும் ஒன்று வாங்கிக்கொள்வதாக யோசனை. நோயாளிகள் தொந்தரவு இருக்காது என்று பொன்னுராஜே தேர்ந்தெடுத்த நாள் இது. டாக்டரம்மாவும் பட்டுச்சேலையில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு லீவு. அதனால லிஸ்ட் வெறுமையா வரும் பாருங்க, சார்" என்றார் பொன்னுராஜ். "ஒரு வேலைகூட பாக்கி இல்லாத ஆஸ்பத்திரி."

கூட்டிக்கொண்டிருந்த சீனியம்மாள் துடைப்பத்தோடு திரும்பினாள். வாய் திறப்பதற்குள் அவர் பி-யை அழுத்திவிட்டார்.

பிரிண்டர் ஒருமுறை இருமிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. சோலைச்சாமி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பொன்னுராஜ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நிறைந்து தாள் மடிந்து விழுந்தது. இரண்டாவது பக்கம். பொன்னுராஜ் ஏதோ கீயைத் தட்டினார், நிற்கவில்லை. தாள் மேஜையிலிருந்து இறங்கித் தரையில் அலை அலையாக மடிந்துகொண்டே போனது.

"வைரஸா இருக்குமோ" என்றார் பொன்னுராஜ் மெதுவாக.

சிவகாசி டாக்டர் குனிந்து தாளின் ஒரு நுனியை எடுத்துப் பார்த்தார். "ஜனவரியில பிடுங்க வேண்டிய பல்லுகூட இருக்கு போலிருக்கே. இம்புட்டா பாக்கி வச்சிருக்கீங்க?"

டாக்டரம்மா முகம் சிவந்துவிட்டது. எட்டாவது பக்கத்தின் பாதியில் பிரிண்டர் நின்றது. அந்த அமைதியில் எல்லோரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். யாராவது ஒருவர் பார்த்தாலே அவளுக்குப் பேச்சு வராது. மூன்று பேர் பார்த்தார்கள்.

"பாக்கி இல்லை டாக்டரம்மா" என்றாள் துடைப்பத்தைப் பார்த்து. "எல்லாம் முடிஞ்சதுதான். நான்தான் தள்ளி வச்சேன்."

"எதுக்குட்டி?"

"அழிக்கவான்னு பேரைச் சொல்லிக் கேட்டுச்சு. உசுரோட இருக்கிற ஆளு பேரை எப்பிடி அழிக்க."

பொன்னுராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யக்கா, அது வெறும் எழுத்துக்கா. அழிச்சா ஆளு செத்தா போவான்?"

"சாகமாட்டாக தம்பி. எனக்குத் தெரியும். கை போகலை."

சிவகாசி டாக்டர் சிரித்தபடி எழுந்தார். "எங்க வீட்டுலயும் அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லவே மாட்டாக, கூடிப்போச்சும்பாக. நான் தேரைப் பாத்துட்டு வாரேன். புரோகிராமைப் பொறவு பேசுவோம்." பொறவு என்றால் எப்போது என்று பொன்னுராஜுக்குப் புரிந்துவிட்டது.

அவர் இறங்கிப் போனதும் டாக்டரம்மா தாளை அள்ளி மேஜைமேல் போட்டு, பேனாவைத் திறந்தார்.

"தள்ளி வச்சதுல எல்லாமே முடிஞ்சதுதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? உக்காரு. ஒவ்வொண்ணாச் சொல்லு."

ஒன்றரை மணி நேரம் சொன்னாள். ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் ஒரு வாய் கண்முன் வந்தது. இன்னார், மேல்வரிசை, போட்டாச்சு, சிரிச்சா நல்லாருக்கு. இன்னார், அடைச்சது, மறுநாளே வந்து காரம் சாப்பிடலாமான்னு கேட்டாக. டாக்டரம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். ஐந்தாவது பக்கத்தில் சீனியம்மாள் நின்றுவிட்டாள்.

வெள்ளத்தாய், மம்சாபுரம், கீழ்வரிசை, அச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்ப.

அந்த வாய் பல்லோடு நினைவுக்கு வரவில்லை. பொக்கையாகத்தான் வந்தது.

"பங்குனி" என்றாள். "கரண்டு போச்சு அன்னிக்கு. வந்த பொறவு மிச்சப் பேரையெல்லாம் மொத்தமாத் தள்ளினேன். இவுகளையும் சேத்துத் தள்ளிட்டேன் போல."

எழுந்து போய்த் தேடினாள். பிரிண்டர் தாள் பெட்டிக்குப் பின்னால் சோப்பு டப்பா இருந்தது. மூடிமேல் அவள் கையெழுத்திலேயே பெயர். உள்ளே பஞ்சுக்கு நடுவில் அச்சு அப்படியே இருந்தது. தாளில் வராததால் டாக்டரம்மா மனதிலும் வரவில்லை. தாள் இருக்கிறதே என்று சீனியம்மாளும் மனதில் வைக்கவில்லை.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. "நாலு மாசம், சீனி" என்றார். பிறகு, "ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதினொரு நாள்."

"போயி அந்தம்மாவைப் பாத்துட்டு வா."

தேருக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் தேரின் உச்சி வீடுகளுக்கு மேலே அசைந்து போவது தெரிந்தது. ஜனமெல்லாம் அந்தப் பக்கம் போக, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தாள். சேலையைப் பார்த்து ஒருத்தி, "ஏட்டி, தேரு அங்கிட்டுல்ல ஓடுது" என்று கூப்பிட்டுச் சொன்னாள். மம்சாபுரத்துக்கு பஸ் இல்லை. தேர் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரில் ஏறிக்கொண்டாள்.

வெள்ளத்தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறுக்கை டீயில் முக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வயல்வேலைக்குப் போகிற உடம்பு. சீனியம்மாளைக் கண்டதும் அடையாளம் தெரிந்து எழுந்தாள்.

"வா தாயி. பல்லு வந்திருச்சா?"

"இல்லை பெரியம்மா. அனுப்பவே மறந்துட்டேன்." இதைச் சொல்லத்தான் டிராக்டரில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "நாலு மாசமா ஏன் நீங்க வந்து கேக்கலை?"

"வந்தேனே. ரெண்டு தரம் வந்தேன். மேலே ஏறி வந்து கதவுகிட்ட நின்னேன்."

"நான் பாக்கலையே."

"நீ அந்தப் பக்கமாத் திரும்பி டிவி பாத்துக்கிட்டு இருந்த. ரெண்டு தரமும் டிவிதான். நல்ல படம் போல, அம்புட்டு உன்னிப்பாப் பாத்த. நடுவுல கூப்பிட்டுக் கெடுப்பானேன்னு செத்த நேரம் நின்னுட்டு எறங்கிட்டேன்."

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. கதவோரம் ஒருவர் வந்து நின்று, அது தனக்குத் தெரியாமல் போகும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தானும் இந்த அம்மா மாதிரிதான். யாராவது பார்த்துக் கேட்டால்தான் வாய் திறக்கும். பார்க்க வேண்டியவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்து வெள்ளத்தாயே சமாதானம் சொன்னாள். "உன் வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்ல? டாக்டரம்மா கேட்டா, அந்தப் பொம்பளை வரவே இல்லைன்னு சொல்லிரு. நானும் அப்பிடியே சொல்லிருதேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த யோசனை அவளோடேயே வந்தது. நல்ல யோசனைதான். ஆள் வரவில்லை, கேட்கவில்லை, நாமும் மறந்தோம். பாதிக் குற்றம் அங்கே போய்விடும். ஆவணி ஒன்று தாண்டிவிடலாம். வேலுத்தாய்க்குத் தெரிந்தால் இதைத்தான் செய்யச் சொல்லுவாள்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"அவிய ரெண்டு தரம் வந்திருக்காக டாக்டரம்மா. கதவுகிட்ட நின்னுருக்காக. நான் திரும்பியே பாக்கலை. டிவி பாக்கேன்னு நெனச்சுப் போயிட்டாக." துண்டை எடுத்து நீட்டினாள். "வரலைன்னு சொல்லச் சொன்னாக. ஆனா வந்தாக."

டாக்டரம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. பிறகு மூடிவிட்டு, காத்திருந்த நோயாளியிடம் போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. சீனியம்மாள் சோப்பு டப்பாவைத் தானே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், கண்டக்டரிடம் பெயரை மூன்று தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். சோணைமுத்துவுக்கு ஒரு வாரம் போதும் என்று போன் வந்தது.

சனிக்கிழமை பொன்னுராஜ் வந்தார். டாக்டரம்மா அவரிடம் முதலில் சொன்னது: "மேஜையைத் திருப்பிப் போடு. உக்கார்ந்தா கதவு தெரியணும்."

"வயர் எட்டாதுக்கா."

"வாங்கிட்டு வா."

"அப்பிடிப் போட்டா ஜன்னல் வெளிச்சம் ஸ்கிரீன்ல அடிக்கும்க்கா. எழுத்துத் தெரியாது."

"திரை போடு. நீ எழுதின புரோகிராமையும் மாத்து. முடிஞ்ச பேரு போகக் கூடாது. முடிஞ்சதுன்னு வேற பக்கமாப் போய் இருக்கட்டும். நேத்து அந்தத் தாளைப் படிச்சுக்கிட்டே இருந்தேன். ஆறு மாசத்துல எத்தனை பேரைப் பாத்திருக்கோம்னு எனக்கே அதை வச்சுத்தான் தெரியுது."

பொன்னுராஜ் வயர் வாங்கி வந்து, மேஜையை நகர்த்தி, விரல் நசுங்கி, "ஒரு டி-க்கு இம்புட்டுப் பாடா" என்று முனகிக்கொண்டே இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். சீனியம்மாள் வயரைப் பிடித்தாள், திரை தைத்தாள். மனதுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். திருப்பிப் போட்ட மேஜையில் சென்டர் பிள்ளையும் உட்காரலாம்.

வெள்ளத்தாயின் பல் வந்தது. டாக்டரம்மா பொருத்தி, தேய்த்துச் சரிசெய்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். வெள்ளத்தாய் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். ஆஸ்பத்திரி முழுக்கச் சத்தம் கேட்டது. "ஊறவைக்க வேண்டாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்கு ஆடிக் கடைசி நாள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "சீனி, நாளைக்கு லிஸ்ட்டுல ஒரு வேலையைச் சேரு" என்றார்.

சீனியம்மாள் போய் உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தாள். "பேரு?"

"அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பிள்ளை பேரு என்ன, வசந்தியோ என்னமோ. பாத்துப் போடு."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். "வேலை?"

"போன் பண்ணணும்."

அடித்தாள். "போன் பண்ணி?"

"இங்கே ஆள் இருக்கு, வேற எடம் பாத்துக்கிடச் சொல்லணும்." டாக்டரம்மா ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார். "பாவம், ஒரே அடியாச் சொல்லாத, பதமாச் சொல்லு."

"நானா?"

"பின்னே? லிஸ்ட்டு உன்னோடதுதானே."

இத்தனை வருஷத்தில் சீனியம்மாள் போனை எடுத்து யாரையும் கூப்பிட்டதில்லை. வந்த போனை டாக்டரம்மாவிடம் நீட்டியதோடு சரி. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே தேதியை அடித்தாள். ஆவணி ஒன்று. பிறகு, காலையில் பத்து மணிக்கு முன்னால் என்றும் சேர்த்துக்கொண்டாள்.